வெள்ளைப் பாறைச் சந்து

அறைக்குள் பச்சைச் சுண்ணாம்பு வாடை அடித்தது. சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் குப்பென்று கிளம்பி மூக்கைக் காந்தவைக்குமே, அந்த வாடை. பரீஹா மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கி முகர்ந்து பார்த்தாள். ஜன்னல் சாத்தியிருந்தது. வெளியே மழை காலையிலிருந்து ஓயாமல் தகரத்தை அடித்துக்கொண்டிருந்தது.

தாராவியில் அவர்கள் வீடு கீழே ஒன்று, மேலே ஒன்றாக இரண்டே அறை. கீழே மாமியார் நூர் நிஷா. மேலே இவளும் புருஷன் அல்தாபும். கீழறை மூலையிலிருந்து இரும்பு ஏணி மேலே வரும். ஏணி முடிகிற இடத்தில் மேல்தரையில் சதுரமாக ஓர் ஓட்டை, அதற்கு ஒரு பலகை மூடி. மூடியைத் திறந்து பரீஹா குனிந்தாள்.

"மாமி, வெத்தல போடுதீங்களா?"

"வெத்தலய விட்டு ரெண்டு பெருநா போச்சு. ஏன் கேக்க?"

"சுண்ணாம்பு வாட அடிக்கி."

"இந்த மழயில எவன் வெள்ளையடிப்பான்? சாக்கட பொங்கியிருக்கும். சோலியப் பாரு."

சோலிதான் பார்த்துக்கொண்டிருந்தாள், ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக. அந்த எரிச்சலே அவளுக்கு ஆறவில்லை. அல்தாப் தைத்த பைகளைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று மாஹிம் போனவன், ரோட்டில் தண்ணீர் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டான். இந்த வாரம் ஞாயிறு ஷிப்ட் அவளுக்கு. ரயில் ஓடியிருந்தால் அவளும் ஐரோலி ஆபீசில் குளிரூட்டிய அறையில் இருந்திருப்பாள். ஓடவில்லை. அதனால் வேலை வீட்டுக்கே வந்துவிட்டது.

அவள் பார்ப்பது நடை தேர்ந்தெடுக்கும் வேலை. சொன்னால் இங்கே யாரும் நம்புவதில்லை. கடல் தாண்டி ஒரு சீமையில் சுண்ணாம்புப் பாறை மலைநாடு இருக்கிறது. பச்சைப் புல்வெளி, நடுநடுவே வெள்ளைவெள்ளையாகப் பாறைத் தட்டுகள். அங்கே விடுமுறைக்கு வருகிறவர்கள் காலையில் காரை நிறுத்திவிட்டு நடப்பார்கள், மாலையில் அதே காரிடம் வந்து சேர வேண்டும். ஆனால் போன வழியே திரும்பக் கூடாது, அலுத்துவிடுமாம். அதனால் நடை வட்டமாக இருக்க வேண்டும். ரொம்ப லேசாக இருந்தால் இதற்கா பணம் கட்டினோம் என்பார்கள், கடினமாக இருந்தால் முழங்கால் போச்சு என்று எழுதுவார்கள். ஆக எல்லோரும் தேடுவது நடுத்தரமான வட்டம். வரைபடத்தையும் வானத்திலிருந்து எடுத்த படத்தையும் பார்த்து அப்படிப்பட்ட வட்டங்களைப் பொறுக்கி, போனில் போடுகிற செயலியில் ஏற்றுவது பரீஹாவின் வேலை.

அதில் அவள் கெட்டிக்காரி. ஏற்றம் முன்பாதியில் வரவேண்டும், கால் சோர்கிறபோது இறக்கம் இருக்கவேண்டும். மதியம் ரொட்டியைத் தின்ன ஒரு நல்ல காட்சி. காளை மேய்கிற வயல் வேண்டாம். கடைசியில் ஒரு தேநீர்க் கடை. இத்தனையும் தெரிந்த அவள் வாழ்நாளில் ஒரு மலை ஏறியதில்லை. டிராம்பே பஸ்ஸில் போகும்போது தூரத்தில் தெரிகிற குன்றுதான் அவள் கண்ட மலை. தண்ணீர்க் குடத்தோடு இந்தச் சந்துகளை வட்டமடித்த நாளிலெல்லாம் அவளுக்கு யாரும் தேநீர்க் கடை பார்த்து வைக்கவில்லை. சும்மா நடப்பதற்குக் காசு கொடுக்கிறவர்களை நினைத்தால் அவளுக்குச் சில நாள் சிரிப்பு வரும், பல நாள் வயிறு எரியும்.

அன்று வயிறு எரிந்தது வேறு காரணத்துக்கு.

அந்த மலைநாட்டு ஆட்டுக்காரர் ஒருவர் எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமையே வந்த மின்னஞ்சல், யாரும் பிரிக்காமல் கிடந்தது. 'வெள்ளைப் பாறை வட்டம் என்று நீங்கள் போட்டிருக்கிற நடையில் ஓரிடத்தில் பாதையே கிடையாது. இரண்டு பாறைக்கு நடுவே இருப்பது வெடிப்பு. மழைத்தண்ணீர் சுண்ணாம்புப் பாறையைத் தின்று தின்று அடியில் எதுவரை போயிருக்கிறது என்று எங்களுக்கே தெரியாது. மேலே புல்லும் பாசியும் மூடியிருக்கும். என் ஆடுகள் விழுந்தால் எலும்புகூடக் கிடைப்பதில்லை. இதைத் தேர்ந்தெடுத்தது யார்?'

தேர்ந்தெடுத்தது பரீஹா.

அந்த நடை முக்கால் வட்டமாக வந்து நின்றுபோயிருந்தது. இரண்டு முனைக்கும் நடுவே வெள்ளைப் பாறைத் தட்டு. "வட்டம் மூடலைன்னா லைவ் போகாது, எப்படியாவது ஜாயின் பண்ணு" என்று சூப்பர்வைசர் பானுமதி தலைமேல் நின்றாள். பரீஹா வானத்துப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். இரண்டு வெள்ளைத் தட்டுக்கு நடுவே மெல்லிசாக ஒரு கறுப்புக் கோடு. தாராவியை மேலிருந்து பார்த்தாலும் அப்படித்தான் இருக்கும். தகரமும் தார்ப்பாயும் ஒட்டிக்கிடக்கும், இடையில் ஒரு கறுப்புக் கோடு ஓடும். அதுதான் சந்து. அதில்தான் கல்யாணப் பெண் வருகிறாள், இறந்தவரைச் சுமந்து அதில்தான் ஜனாஸாவும் போகிறது. கறுப்பாக இருந்தால் வழி. அந்த நாட்டில் பிறந்த எந்தக் கண்ணும் அந்தப் படத்தைப் பார்த்து வழி என்று சொல்லியிருக்காது. இவள் கண் சொன்னது. கோட்டின் மேல் கோடு போட்டு வட்டத்தை மூடினாள். பானுமதி முதுகில் தட்டிக்கொடுத்தாள்.

இப்போது அந்த வட்டத்தின் மேல் ஒரு நீலப் புள்ளி நகர்ந்துகொண்டிருந்தது.

நடக்கிறவர் போன் அவர் இருக்கும் இடத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும். பரீஹா புள்ளியைத் தொட்டாள். ரூத் என்று பெயர் வந்தது, கூடவே படமும். நரைத்த தலை, மஞ்சள் மழைக்கோட்டு, கையில் இரும்பு முனை வைத்த ஊன்றுகோல். யாரோ பகடி சொல்லிச் சிரிக்கிறபோது எடுத்த படம். தனியாகத்தான் வந்திருந்தாள். ஏற்றம் முடித்து, பரீஹா பார்த்துக் கொடுத்த இடத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டு, இறங்கத் தொடங்கியிருந்தாள். இனி வெள்ளைப் பாறைதான்.

நடக்கிறவர்களுக்குச் செய்தி அனுப்பும் உரிமை சூப்பர்வைசருக்குத்தான். பரீஹா பானுமதிக்குப் போன் போட்டாள். மாட்டுங்காவில் ஏதோ விருந்தில் இருந்தாள் பானுமதி. பின்னால் பந்தி இரைச்சல் கேட்டது.

"மேடம், அந்த அம்மாவத் திரும்பிப் போகச் சொல்லணும். உடனே ஒரு மெசேஜ் போடுங்க. அது பாதை இல்ல, வெடிப்பு."

"யார் சொன்னா?"

"அந்த ஊரு ஆட்டுக்காரர் வெள்ளிக்கிழமையே எழுதியிருக்காரு."

பானுமதி குரலைத் தணித்துக்கொண்டாள். "இதப் பாரு பரீஹா. மெசேஜ் அனுப்பினா நாம தப்பை எழுத்துல ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். எத்தனை பேர் நடந்திருக்காங்க, யாருக்கும் ஒண்ணும் ஆகலையே. டென்ஷன் பண்ணாதே."

"நடந்தவங்க எல்லாம் சுத்திப் போயிருக்காங்க மேடம். இப்பத்தான் பாக்கேன். ஒருத்தர்கூட அந்தக் கோட்டு வழியா போகல. இந்த அம்மா போன் சொல்லுதபடியே நடக்காங்க."

"கோடு போட்டது நீதானே?" என்றாள் பானுமதி.

எய்தவள் விருந்தில் இருக்க, அம்புக்குத்தான் நோவு. பரீஹாவுக்குக் காது மடல் சூடாகி, கண்ணில் தண்ணீர் முட்டியது. அழுகை இல்லை, சுத்தமான ஆத்திரம். திட்ட வாயெடுத்தவள் திரையைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

புள்ளி கறுப்புக் கோட்டின் வாயில் நின்றது. தயங்குகிற மாதிரி இருந்தது. போ, போ, திரும்பிப் போய்த் தொலை, கிழவி, என்று பரீஹா பல்லைக் கடித்தாள். அந்த மனுஷி எதை நம்பி நிற்கிறாள் என்று அவளுக்குத் தெரியும். போனில் வட்டம் முழுசாக இருக்கிறது, பக்கத்தில் நடுத்தரம் என்று போட்டிருக்கிறது, யாரோ விவரம் தெரிந்தவர் பார்த்துத்தான் போட்டிருப்பார்.

புள்ளி உள்ளே போனது. கொஞ்சம் நகர்ந்தது. நின்றுவிட்டது.

"மேடம், நின்னுட்டு. அசையல. அய்யோ, அசையவே இல்ல."

"போட்டோ எடுக்கறாளோ என்னவோ."

"விழுந்துட்டாங்க மேடம்! அங்க ரெஸ்க்யூக்குப் போன் போடுங்க."

பானுமதி விருந்திலிருந்து எழுந்து எங்கோ ஒதுங்கிப் போனாள் போலிருந்தது. குரல் தெளிவாக, நிதானமாக வந்தது. "சரி. நான் போடறேன். ஆனா மொதல்ல நீ அந்த ஜாயின்டை அழிச்சிடு. யார் போட்டாங்கங்கிற ஹிஸ்டரியையும் சேர்த்து. அவங்க வந்து பார்க்கும்போது நம்ம வட்டத்துல அந்த இடம் இருக்கக் கூடாது. நீ அழிச்ச அடுத்த நிமிஷம் நான் போன் போடறேன். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். வேலை போனா தாராவியில என்ன பண்ணுவே?"

பரீஹா அழித்தாள். அந்த மனுஷியைக் காப்பாற்றத்தான் அழித்தாள், தன் வேலையைக் காப்பாற்றவும்தான் அழித்தாள். கோடு மறைந்தது. வட்டம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. பிளவுக்கு நடுவில், எந்த வழியின் மேலும் இல்லாமல், நீலப் புள்ளி மட்டும் தனியாக.

அந்த நொடியில் மின்சாரம் போனது.

"லைட்டு போயிட்டு!" என்று கீழே மாமி கத்திவிட்டுக் கைவிளக்கைப் போட்டாள். சந்து முழுவதும் மின்விசிறிகள் நின்றதில் மழையின் சத்தம் பெருத்துக் கேட்டது. மாலைதான், மஃரிபு பாங்குகூட இன்னும் சொல்லவில்லை. ஆனால் மேகம் இறங்கி அறை இருண்டு கிடந்தது. மடிக்கணினியின் வெளிச்சத்தில் சுவரெல்லாம் வெளிறித் தெரிந்தது. நேற்றுவரை நீலமாக இருந்த சுவர். பரீஹா விரலால் தொட்டாள். ஈரம். விரல் நுனியில் வெள்ளையாக மாவு ஒட்டியது. முகர்ந்தாள். மூக்கு காந்தியது.

கசிவு. பக்கத்து வீட்டுக்காரன் சுவரில் எதையாவது பூசியிருப்பான். மழைக்கு எல்லாச் சுவரும் கசியத்தான் செய்யும். அவள் அப்படிச் சொல்லிக்கொண்டே மறுபடி பானுமதிக்குப் போன் போட்டாள். வெகுநேரம் அடித்து எடுத்தாள்.

"போன் பண்ணிட்டீங்களா மேடம்? என்ன சொன்னாங்க?"

"அழிச்சிட்டியா?"

"அழிச்சிட்டேன். என்ன சொன்னாங்க?"

"அப்போ விடு. இனிமே நம்ம ரூட்லயே இல்லாத இடத்தைப் பத்தி நாம ஏன் போன் பண்ணணும்? யோசிச்சுப் பாரு. நாமளே மாட்டிக்கிறதா?"

பரீஹாவுக்குள் ஏதோ அறுந்தது. ஆபீசில் பேசுகிற பதவிசுப் பேச்செல்லாம் எங்கே போயிற்றோ, வாயில் வந்தது மாமியின் பேச்சு. "நீயெல்லாம் பொம்பளையா? ஒரு உசிரு குழிக்குள்ள கெடக்கு, நீ பந்தியில உக்காந்து பாயசம் குடிக்கே! நாசமாப் போவ! என்னய ஏமாத்தி அழிக்க வச்சிட்டியே, பாவி!"

போன் துண்டிக்கப்பட்டிருந்தது. எவ்வளவு நேரமாகத் தனியே கத்திக்கொண்டிருந்தாள் என்று தெரியவில்லை. தானே கூப்பிடலாம் என்று அந்த நாட்டு மீட்புப் படையின் எண்ணை அழுத்தினாள். உங்கள் எண்ணுக்கு இந்த வசதி இல்லை என்று ஒரு பெண் குரல் இந்தியில் மரியாதையாகச் சொன்னது. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் அதே மரியாதை. தும்பை விட்டு வாலைப் பிடித்தால் கையில் என்ன வரும்? அந்தக் குரலையும் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினாள். திட்டத் திட்ட உள்ளே ஒரு மூலை சில்லிட்டுக்கொண்டே வந்தது. ஆத்திரம் தீர்ந்துபோனால் அப்புறம் பயந்தான் மிஞ்சும் என்று தெரிந்து, விடாமல் திட்டினாள்.

அப்போது புள்ளி நகர்ந்தது.

பரீஹா வாயைப் பொத்திக்கொண்டாள். அல்ஹம்துலில்லாஹ். உயிரோடு இருக்கிறாள். நகர்கிறாள். புள்ளி மெதுவாக முன்னால் வந்தது, அழித்த கோட்டின் மேலேயே தடம் பிடித்த மாதிரி வந்தது. மறுமுனைக்கு வந்து சேர வேண்டிய இடத்தைத் தாண்டியது. சேரவில்லை. பக்கவாட்டில் தேடியது, திரும்பியது, மறுபடி தேடியது. பிறகு நேராக நடக்கத் தொடங்கியது, படத்தின் ஓரத்தை நோக்கி.

பரீஹா படத்தை நகர்த்திக்கொண்டே போனாள். வெள்ளைத் தட்டு. கறுப்புக் கோடு. வெள்ளைத் தட்டு. கறுப்புக் கோடு. பச்சைப் புல் எங்கே? புல்லைக் காணோம். தட்டுகள் நெருங்கின, சின்னதாகின, ஒன்றன்மேல் ஒன்று ஏறின. ஒன்று துருப்பிடித்திருந்தது. ஒன்று நீலமாக இருந்தது. தார்ப்பாய் நீலம். பறக்காமலிருக்க மேலே பழைய டயர் போட்டிருந்தது.

அந்த டயரை அவளுக்குத் தெரியும். எதிர்வீட்டுக் கூரை.

டொக்.

வெளியே சந்தில் சத்தம் கேட்டது. கல்லில் இரும்பு படுகிற சத்தம். மழை அத்தனை இரைச்சலாக இருந்தும் அது மட்டும் தனியாகக் கேட்டது. டொக். நின்றது. டொக். வழி தெரியாதவர் தரையைத் தட்டிப் பார்த்து நடக்கிற மாதிரி.

புள்ளி கறுப்புக் கோட்டின் மேல் இருந்தது. அவள் சந்து. அவள் வீட்டு வாசல்.

கீழே கதவு கிரீச்சிட்டது.

"ஏளா, யாரோ வந்திருக்காவ," என்றாள் மாமி.

"மாமி, கதவச் சாத்துங்க!"

"உள்ள வந்துட்டாளே, பாவம். வயசான பொம்பள. மேலெல்லாம் வெள்ளையா அப்பியிருக்கு. கண்ணுகூடத் தெரியல."

"மாமி, மேல வாங்க! மாமி!"

"என்ன பாசையோ தெரியல, எனக்கு வெளங்குது. வட்டம் எங்க முடியுதுன்னு கேக்கா." மாமியின் குரல் சாதாரணமாக இருந்தது. வீட்டுக்கு வந்தவளைப் பற்றிச் சொல்கிற குரல். "வழிய யாரு அழிச்சான்னு கேக்கா."

பரீஹா பலகை மூடியை இழுத்துச் சாத்தி அதன் மேல் ஏறி உட்கார்ந்தாள். முழு உடம்பையும் வைத்து அழுத்தினாள். "நான் இல்ல! பானுமதி! மாட்டுங்காவுல இருக்கா, அங்க போகச் சொல்லுங்க! அவதான் அழிக்கச் சொன்னா! அவகிட்டப் போ!" ஆத்திரம், அழுகை, அலறல், எது எது என்று பிரிக்க முடியாமல் வந்தது. "அவகிட்டப் போ, சனியனே!"

கீழே எல்லாம் அடங்கியது. மழையும் கேட்கவில்லை.

டொக்.

ஏணியின் முதல் படி. இரும்பில் இரும்பு.

டொக்.

தொடைக்கு அடியில் பலகை சில்லென்றது. ஈரமானது. அவள் அறியாமலேயே நகர்ந்து சுவரோரம் போய் ஒண்டிக்கொண்டாள். சுவர் மாவாக உதிர்ந்து தோளில் விழுந்தது. சுண்ணாம்பு வாடை தொண்டைவரை இறங்கியது. இருமக்கூடப் பயம்.

சத்தம் நின்றது. மூடிக்கு நேர் கீழே.

"மாமி?"

"மாமி!"

மூடி தானாக விலகவில்லை. அவள்தான் விலக்கினாள். கீழே இருப்பது மாமி. அவளைப் பார்க்க வேறு யார் போவார்கள்? ஊர்ந்து வந்து, விளிம்பில் விரலைக் கொடுத்து, தூக்கினாள்.

கீழறை இல்லை. மாமியின் கட்டில் இல்லை, அடுப்பு இல்லை, தண்ணீர் டிரம் இல்லை. ஏணியும் இல்லை. இரண்டு பக்கமும் வெள்ளைப் பாறை. ஈரத்தில் மினுங்கி, வளைந்து வளைந்து கீழே போனது. நடுவில் கறுப்பு. ஆடுகளின் எலும்பு அங்கங்கே விளிம்பில் சொருகிக் கிடந்தது. எங்கோ ஆழத்தில் மாமியின் கைவிளக்கு, பொட்டாக, நீலமாக.

இருட்டுக்குள்ளிருந்து ஓர் ஊன்றுகோல் மேலே வந்தது. பிடி அவள் பக்கம். வழுக்கும் இடத்தில் பின்னால் வருகிறவருக்குப் பிடித்துக்கொள்ள நீட்டுவார்களே, அப்படி. அதை நீட்டிய கை முழங்கைவரை வெள்ளை. முழங்கைக்கு அப்பால் மஞ்சள்.

"எறங்கி வாளா," என்றது ஆழத்திலிருந்து மாமியின் குரல், கொஞ்சமும் பதறாமல். "கறுப்பாத்தான் இருக்கு. வழிதான்."